நைனா பெயரில் இருந்த பணம்

அம்சவேணி தன் முதுகை அப்பாவின் முதுகுக்கு முட்டுக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக ஏகநாதனால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்த்து வைத்தால் தலை ஒரு பக்கமாகத் தொங்கிப்போனது. முதுகோடு முதுகு சேர்த்து யாராவது உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து, விட்டு விட்டு மூச்சு வாங்கினார். நேற்றெல்லாம் அம்மா குணசுந்தரி உட்கார்ந்தாள். காலை ரயிலில் பங்காருபேட்டையிலிருந்து வந்த அம்சவேணி, பையைக் கூடப் பிரிக்காமல் அம்மாவை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள்.

"நைனா, கீழ பாறை சரியாம எத்தினி வருஷம் நீ மரம் முட்டு கொடுத்த? இப்ப நான் உனக்குக் கொடுக்கறேன் பாரு" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. ஏகநாதன் தங்கச் சுரங்கத்தில் மரவேலை மேஸ்திரி. பாறை குடைந்து போன இடங்களில் மேல் பாறை இறங்காமல் மரத்தூண் நிறுத்துவது அவர் கூட்டத்தின் வேலை. கல் தூசி நெஞ்சுக்குள் படிந்து, இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி டாக்டர் 'இனி கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது' என்று எழுதிக் கொடுத்த நாளில்தான் அவர் கடைசியாக லாம்பைத் திருப்பிக் கொடுத்தது.

"வள்ளி... வந்தாளா?"

"அத்தைக்கு ஆள் போயிருக்குது. வந்துக்கினு இருப்பாங்க."

"சம்பங்கி பணம்..."

"தெரியும் நைனா. பேசாத."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் ஓடியது. ஒவ்வொன்றும் அவள் முதுகெலும்பின் மேல் ஏறி இறங்கியது. பிறகு, "முனியப்பன் கேப்பான்" என்றார்.

"கேட்டா நான் பாத்துக்கறேன். உன் பொண்ணுக்கு வாய் இல்லன்னு நெனச்சியா?"

மறுபடியும் அந்தச் சத்தம். இந்த முறை சிரிப்பு என்றே அவளுக்குத் தோன்றியது. கதவு வழியாக வந்த வெயில் அவள் காலடிவரை நகர்ந்திருந்தது. அடுப்படியில் அம்மா ஊதுகுழலால் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. அம்சவேணி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் முதுகில் சாய்ந்திருந்த பாரம் கூடிப்போனது. இதுவரை அவர் தன்னை ஓரளவு தானே தாங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இப்போது முழு ஆளும் அவள் மேல் இருந்தார்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவர் சரிந்துவிடுவார். அம்மா வெந்நீரை இறக்கிவைத்து, துணியால் கையைத் துடைத்துக்கொள்ளும்வரை அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இங்க வா" என்றாள். "நைனாவைப் பிடி."

*

சம்பங்கி பணம் என்று அந்த வீட்டில் சொல்லப்பட்டது ஏகநாதன் பெயரில் போஸ்டாபீஸ் பாஸ்புத்தகத்தில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்.

ஏகநாதனின் தங்கை வள்ளியைக் கட்டிய துரையும் அவர் கூட்டத்திலேயே வேலை பார்த்தவன். ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறுவதை அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அப்படி ஒன்றில் துரை போனபோது சம்பங்கி தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை. கம்பெனி கொடுத்த நஷ்டஈடு துரையின் கடன்களுக்கும் அவன் அப்பா அம்மாவுக்கும் பங்கு போய்க் கரைந்தது. அந்த மாதச் சம்பளத்தன்று, ஷிப்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, 'பொண்ணு பெரிசாகி படிக்கவோ கல்யாணத்துக்கோ ஆகட்டும், அதுவரைக்கும் தொடாதே மேஸ்திரி' என்று ஏகநாதன் கையில் கொடுத்தார்கள். மறு மாதமும் போட்டார்கள். ஏகநாதன் அதைத் தன் பெயரில் கட்டினார். அதற்கப்புறம் தன் சம்பளத்திலிருந்தும் முடிந்தபோது சேர்த்தார்.

வள்ளிக்கு நிவாரண நிதியிலிருந்து மாதம் இருபது ரூபாய் வந்தது. தொழிலாளிகள் சம்பளத்தில் பிடித்த காசும் பெரிய மனிதர்கள் கொடுத்த காசும் சேர்த்து நடத்துகிற நிதி அது. வழியில்லாதவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். பெயரில் சேமிப்பு இருந்தால் கிடையாது.

ஏகநாதன் வேலையிலிருந்து நின்றபோது அவரும் மனுப் போட்டார். கம்பெனி கொடுத்ததெல்லாம் அம்சவேணியின் கல்யாணக் கடனுக்கும் ஊசி மருந்துக்கும் போய், குணசுந்தரி சுரங்க ஷாப்ட் கேட்டுக்கு எதிரே இட்லி விற்க ஆரம்பித்திருந்த சமயம். விசாரிக்க நிதி ஆபீஸிலிருந்து ஜெயகரன் என்று ஒருவர் வந்தார். மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். சேமிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத ஏகநாதன் பாஸ்புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இது யார் பணம்?"

"என்னுதுதான் சார்."

அன்றைக்கு அம்சவேணி அங்கேதான் இருந்தாள். வாயைத் திறந்தாள். ஏகநாதன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள்.

ஜெயகரன் போன பிறகு அவள் குதித்தாள். "உன்னுதா? எப்படி உன்னுது? சம்பங்கிதுன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சம்பங்கிதுன்னா வள்ளிக்கு நின்னுடும். பொண்ணு பணம் ஆத்தா கணக்குலதான் வரும். என் பேர்ல இருந்தா எனக்கு மட்டும்தான் கெடையாது. நான் ஆம்பள, எப்படியோ தள்ளிக்குவேன்."

"எப்படித் தள்ளுவ? மாடி ஏற முடியல உன்னால."

"நம்ம வீட்ல மாடி இல்லியே" என்றார் ஏகநாதன். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அம்சா, நான் இருக்கற வரைக்கும் இத்த வள்ளிகிட்ட சொல்லக் கூடாது. அவ தெரிஞ்சா வாங்க மாட்டா" என்றார்.

அவள் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வந்து அவர் நெஞ்சு கூடு கட்டியிருப்பதைப் பார்க்கும்போதும் அந்த வார்த்தையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டே ரயிலேறினாள். நிதி கொடுக்கிற சனிக்கிழமைகளில் ஏகநாதன் சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்கையோடு ஆபீஸ் கேட் வரைக்கும் மெல்ல நடந்து போவார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். 'நீ வாங்கலியா அண்ணே?' என்று வள்ளி கேட்டால், 'நான் காலைலயே வந்து வாங்கிட்டேன், கூட்டம் ஆகறதுக்கு முன்னாடி' என்பார். இதை அம்மா சொல்லித்தான் அம்சவேணிக்குத் தெரியும். அம்மா அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆள் அப்படி என்கிற மாதிரி சொன்னாள்.

*

அடக்கம் மறுநாள் காலை என்று முடிவாயிற்று. ராத்திரி ஷிப்டுக்காரர்கள் மேலே வந்து முகம் பார்க்க வேண்டும். விடிந்ததும் அவர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் தெருவில் தப்புப் பறை அடிக்க ஆரம்பித்தார்கள். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். அம்சவேணியின் புருஷன் சௌந்தரராஜன் மூங்கில் கட்டுகிறவர்களோடு நின்றான்.

முனியப்பன்தான் எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்தான். குணசுந்தரியின் தம்பி, பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். தப்புக்காரர்களுக்கு, பூவுக்கு, குழி வெட்டுகிறவர்களுக்கு என்று கையிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தான். கெட்டவன் இல்லை. அக்காள் மேல் பாசம் உள்ளவன். அதனால்தான் அடுப்படிக் கதவோரம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினான்.

"அக்கா, நான் போட்ட காசு கெடக்கட்டும், அத்த விடு. மாமா பேர்ல போஸ்டாபீஸ்ல கீதே, அது உனக்குத்தான் வரும். பொண்டாட்டிக்குத்தான். காரியத்துக்குக் கொஞ்சம் எடு. மிச்சத்த வெச்சு ஒரு சின்ன பொட்டிக்கடை போட்டுக் குடுக்கறேன். எத்தினி நாளைக்கு நீ கேட்டு எதிர்ல குந்திக்கினு இட்லி விப்ப?"

குணசுந்தரி அழுது வீங்கிய கண்ணை மகள் பக்கம் திருப்பினாள்.

"அது நம்ம பணம் இல்ல மாமா" என்றாள் அம்சவேணி.

"இன்னாமே சொல்ற? உங்க நைனாவே நிதி ஆபீஸ்காரர்கிட்ட என்னுதுன்னு சொன்னாரு. அதனாலதானே அவருக்கு ஒத்த ரூபா குடுக்கல. ரெண்டு வருஷம் அந்தப் பணத்துக்காகப் பட்டினி கெடந்துட்டு, இப்ப நம்மளுது இல்லன்னா?"

"மெதுவாப் பேசு மாமா."

"ஏன் மெதுவா பேசணும்? செத்தவரு போயிட்டாரு. இருக்கறவங்க வயிறு இல்லியா?"

"இருக்குது. அந்த வயித்துக்கு வழி நான் பாக்கறேன். அந்தப் பணத்துல கை வெக்க முடியாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. முனியப்பன் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு, "மாமா மூஞ்சியேதான் உனக்கு" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதைப் போல வாசல் பக்கம் போய்விட்டான்.

அம்சவேணி புழக்கடைக்குப் போய்த் தண்ணீர் பீப்பாயிலிருந்து மொண்டு முகம் கழுவினாள். நிமிர்ந்தபோது வள்ளி எதிரே நின்றாள். விடிய விடிய அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்த குரல் கட்டிப்போயிருந்தது.

"முனியப்பன் இன்னாவோ சொன்னானே. அண்ணனுக்கு நிதி குடுக்கலன்னு."

அம்சவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்தும் முந்தானையை எடுக்காமல் இருந்தாள்.

"மாசா மாசம் என்கூட வருவாரே அம்சா. காலைலயே வாங்கிட்டேன்னு சொல்லுவாரே."

நான் இருக்கற வரைக்கும் என்றுதான் நைனா சொன்னார். பறை அடிக்கிற சத்தம் வீட்டைத் தாண்டி இங்கே வரை வந்தது. அவர் இனி இல்லை.

"வாங்கல அத்தை" என்றாள். "சம்பங்கி பணம் அவர் பேர்ல இருந்துச்சு. அத்தக் காட்டி அவருக்கு இல்லன்னுட்டாங்க. உன் பொண்ணுதுன்னு சொன்னா உனக்கு நிறுத்திடுவாங்கன்னு, என்னுதுன்னு சொல்லிட்டாரு."

வள்ளி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று அம்சவேணி நினைத்தாள். வள்ளி அழவில்லை. கல்லில் ஒட்டியிருந்த சோப்புக் காரையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு நாள் கூட அண்ணி என்கிட்ட மூஞ்சி காட்டலியே. அமாவாசைக்கு அமாவாசை இட்லி குடுத்தனுப்புவாங்களே."

வள்ளி எழுந்தாள். கலைந்திருந்த கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். "அந்த நிதி ஆபீஸ்காரரு வருவாரா?" என்று கேட்டாள்.

"வந்துட்டாரு. வாசல்ல மாலை கொண்டாந்து நிக்கறாரு."

"வா" என்றாள் வள்ளி.

*

ஜெயகரன் மாலையைப் போட்டுவிட்டுப் பந்தல் ஓரமாக நின்றிருந்தார். ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்த ஏகநாதனின் பழைய கூட்டாளிகள், முகத்தில் பாறைத் தூசியோடு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் நின்றார்கள். அவர்களில் கோவிந்தனும் ஏசுபாதமும் துரை காலத்து ஆட்கள்.

அம்சவேணியைப் பார்த்ததும் ஜெயகரன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அடக்கச் செலவுக்கு நிதியிலிருந்து கொஞ்சம் கொடுக்கறது வழக்கம்மா. ஆனா அப்பா பேர்ல சேமிப்பு இருக்கறதனால... அம்மா மனுப் போட்டாலும் அதேதான் சொல்லுவாங்க. முன்னாடியே சொல்லிடறது நல்லதுன்னு வந்தேன்."

"அந்த சேமிப்பப் பத்திப் பேசத்தான் சார் வந்தோம்" என்றாள் அம்சவேணி.

அவள் ஆரம்பிக்கும் முன்பே வள்ளி முன்னால் வந்தாள். "அது எங்க அண்ணனுது இல்ல சார். என் பொண்ணு சம்பங்கிது. எழுதிக்கோங்க."

தப்புக்காரர்கள் ஓய்வெடுக்க நிறுத்தியிருந்தார்கள். அதனால் அவள் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது.

ஜெயகரன் அவளை அடையாளம் கண்டார். மாதா மாதம் அவர் கையால் பணம் வாங்குகிறவள். "அம்மா, நீங்க இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? மைனர் பொண்ணு பணம் தாய் கணக்குல சேரும். உங்களுக்கு வர்றது நிக்கலாம். இதுவரைக்கும் வாங்கினதைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பாங்க."

"நிக்கட்டும்" என்றாள் வள்ளி. "கேட்டா உழைச்சுக் கட்டறேன். எனக்குக் கை கால் நல்லா இருக்குது. அவருக்குத்தான் நெஞ்சு இல்லாம போச்சு. நல்லா இருந்தவ வாங்கித் தின்னுட்டேன்."

குணசுந்தரி வாசற்படியில் வந்து நின்றாள். "வள்ளி, இன்னிக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"இன்னிக்குதான் அண்ணி சொல்லணும். இன்னும் அவரு இங்கதானே கீறாரு."

முனியப்பன் கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்தான். கோவிந்தன் கக்கத்திலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஜெயகரன் அருகில் வந்தார்.

"சார், நான் சொல்றேன். அது வள்ளி சேத்த பணமும் இல்ல, மேஸ்திரி தனக்குன்னு சேத்த பணமும் இல்ல. துரை செத்தப்ப ஷிப்டுல நாங்க போட்டது. இதோ இந்த மாதிரி ஒரு தொப்பியிலதான் போட்டோம். பொண்ணு பெரிசாகற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லித்தான் போட்டோம். வள்ளி கையில குடுக்கவே இல்ல. அவளுது இல்லாத பணத்த அவ எங்க போயி சொல்லுவா?"

"நானும் போட்டேன்" என்றார் ஏசுபாதம். "இன்னும் இருக்கறவங்க பேரெல்லாம் சொல்றேன். எல்லாரையும் உங்க ஆபீசுக்கு இட்டாறேன். எப்ப வரணும்?"

ஜெயகரன் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சாவு வீட்டில் எழுதலாமா என்பதுபோல் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். அம்சவேணி முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். எழுதுங்க. நைனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவர் எழுதினார். எழுதி முடித்து, அவளிடம் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "அன்னிக்கு உங்க அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீங்க எழுதித்தானே சார் ஆகணும்?"

"ஆமா" என்றார் ஜெயகரன் பென்சிலைப் பையில் வைத்தபடி. "எழுதித்தான் ஆகணும்."

"அது அவருக்குத் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். அம்சவேணி இன்னொன்று கேட்டாள். "சார், எங்க அத்தை வீட்ல எங்க அம்மா போயி இருந்தா? அப்பவும் சம்பங்கி பணம் அம்மா கணக்குல வருமா?"

ஜெயகரன் யோசித்தார். "தாய்க்கும் பிள்ளைக்கும்தான் ஒரே கணக்கு. நாத்தனார் வீட்ல இருந்தா என்னன்னு ரூல்ல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா சரி" என்றாள் அம்சவேணி.

தப்பு மறுபடி ஆரம்பித்தது. ஏகநாதனைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். முன் பக்கம் சௌந்தரராஜனும் முனியப்பனும் தோள் கொடுத்தார்கள். பின் பக்கம் கோவிந்தனும் ஏசுபாதமும் கழுவாத கையோடு பிடித்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டார்கள். வள்ளி குணசுந்தரியின் தோளைப் பிடித்திருந்தாள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியாதபடி இருவரும் நின்றார்கள்.

*

நிதிக் கமிட்டி கூடியபோது ஏசுபாதம் சொன்னபடி செய்தார். இருக்கிற ஷிப்டுக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வராந்தாவை நிரப்பினார். கமிட்டிக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்றார்கள். குணசுந்தரிக்கு மாதப் பணம் சாங்ஷன் ஆயிற்று. வள்ளிக்கு நிறுத்திவிட்டார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும்வரை அந்தப் பணம் கணக்கில் இருக்கிறதே, ரூலை எப்படி வளைப்பது என்று கேட்டார்கள். அம்சவேணி அதற்கு மனு எழுதலாம் என்றாள். வள்ளி வேண்டாம் என்றுவிட்டாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரம் கையெல்லாம் வெந்துபோய் வந்தாள். இரண்டாவது வாரம் கூட வேலை செய்கிறவர்களைப் பற்றிக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

போஸ்டாபீஸில் பணத்தைச் சம்பங்கி பெயருக்கு மாற்றுவதற்குத்தான் அலைச்சல். இறந்தவர் பெயரில் இருப்பதால் வாரிசு என்று குணசுந்தரி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 'உங்களுக்கு வேண்டாமா அம்மா, நிச்சயமா?' என்று கவுண்டரில் இருந்தவர் இரண்டு தடவை கேட்டார். 'எனக்கு வேண்டாம் சாமி, சீக்கிரம் எழுதுங்க, இட்லி மாவு பொங்கி வழிஞ்சுடும்' என்றாள் குணசுந்தரி. பக்கத்தில் நின்ற அம்சவேணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முனியப்பன் அக்காளோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பழைய சைக்கிள் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து சம்பங்கியிடம் விட்டுவிட்டுப் போனான். பள்ளிக்கூடம் தூரம், நடக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

வாடகை வீட்டைக் காலி செய்து குணசுந்தரி வள்ளி வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அம்சவேணியும் வந்திருந்தாள். பானை சட்டியெல்லாம் தலைச்சுமையில் போய்விட்டது. ஆட்டுக்கல் மட்டும் பாக்கி. வண்டி பிடிக்கலாம் என்றாள் அம்சவேணி. இந்த ரெண்டு தெருவுக்கு வண்டியா என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள். கல்லைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒருத்தி முன்னால் நின்று தடுக்க, இன்னொருத்தி பின்னால் தள்ள, தெருவின் நடுவே உருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். குழவியைச் சம்பங்கி சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளம் வந்த இடத்தில் கல் வள்ளியை மீறி ஓடப் பார்க்க, அவள் கூச்சல் போட்டாள். குணசுந்தரி ஏதோ சொல்ல, இருவரும் கல்லை விட்டுவிடாமல் குனிந்தபடியே சிரித்தார்கள்.

மத்தியான ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் சோற்று டப்பாவோடு வரிசையாக வந்தார்கள். கல்லைப் பார்த்து ஒதுங்கி வழி விட்டார்கள். அவர்களில் ஒருவர் நின்று, "நவுருங்க, நான் தள்ளறேன்" என்றார்.

"நீங்க போங்க. கேஜுக்கு நேரமாவுது" என்றாள் குணசுந்தரி.

ஆட்கள் எல்லாரும் கடந்து போகும்வரை, கல் சரிவில் ஓடிவிடாமல் முன்னால் வந்து அதற்குக் குறுக்கே காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.